கடல் காணாத துறையும் கப்பல்களும்

கட்டுகஸ்தோட்டை என்னும் பெயரின் கடைசியில் நிற்கும் ‘தொட்ட’ என்ற சிங்களச் சொல்லுக்குத் துறை என்பது பொருள். ‘கட்டு’ என்றால் முள், ‘கஸ்’ என்றால் மரங்கள். முள்மரத்துறை என்று தமிழில் சொல்லலாம். ஹம்பாந்தோட்டையின் கடைசியில் நிற்பதும் இதே சொல்தான். அது கடற்றுறை, இதுவோ மகாவலி கங்கையைக் கடக்கும் ஆற்றுத்துறை. பாலம் அமைவதற்கு முன்னர் ஓடங்களே மக்களை இங்கு கரைசேர்த்தன. பிற்காலத்தில் யானைகள் நீராடும் இடமாக இத்துறை உல்லாசப் பயணிகளிடையே பெயர்பெற்றது.

இந்தத் துறைக்குக் கப்பல் வந்ததில்லை, வரவும் இயலாது. கடல் மட்டத்திலிருந்து 400 மீற்றருக்கும் அதிகமான உயரத்தில் ஆறு இவ்விடத்தைக் கடந்து செல்கின்றது. இங்கிருந்து கீழே இறங்குகையில் பாறைகளும் வீழ்ச்சிகளும் குறுக்கிடுகின்றன. போதாக்குறைக்கு 1976ஆம் ஆண்டில் சற்றுக் கீழே பொல்கொல்ல அணைக்கட்டும், 1985இல் அதற்கும் கீழே 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணையும் எழுந்தன. ஆகவே இந்த ஊரிலிருந்துகொண்டு பாய்க்கப்பல்களைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றக்கூடும். ஆயினும், கண்டி இராச்சியத்தின் தலைவிதியைப் பல தடவைகள் தீர்மானித்தவை இங்குள்ளோர் கண்ணாலும் காணாத கப்பல்களே. அக்கப்பல்கள் எப்படி இருந்தன என்று இவ்வூர்ப் பிள்ளை ஒருவன் கேட்டால், காட்டுவதற்கு நம்மிடம் ஒன்றுமில்லை.

உலகின் வேறு சில நாடுகள் இக்கேள்விக்கு ஒரு விடை கண்டிருக்கின்றன. பழைய கப்பல்களை முழு அளவில் மீண்டும் கட்டி, ஆறுகளின் வழியாகவும் கால்வாய்களின் வழியாகவும் உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டு செல்வதே அந்த விடை.

சிக்காகோவுக்குப் போன வைக்கிங் கப்பல்

இத்தகைய பயணங்களில் முன்னோடியானது 1893ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. நோர்வேயின் கொக்ஸ்டாட் என்னும் இடத்தில் 1880இல் ஒரு மேட்டைத் தோண்டியபோது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வைக்கிங் மரக்கலம் ஒன்று வெளிப்பட்டது. அதே அளவிலும் அமைப்பிலும் புதுக் கப்பல் ஒன்றைக் கட்டி, ‘வைக்கிங்’ என்றே பெயரிட்டு, மக்னஸ் அண்டர்சன் என்ற மாலுமியின் தலைமையில் அத்திலாந்திக் கடலில் செலுத்தினர். சுமார் நான்கு வாரங்களில் அது மறுகரையை அடைந்தது. அதன்பின் ஹட்சன் ஆற்றில் ஏறி, ஈரி கால்வாயைக் கடந்து, பேரேரிகளின் வழியாகச் சிக்காகோ உலகக் கண்காட்சியைச் சென்றடைந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் அந்நகரில் கூடிய சர்வ சமயப் பேரவையிலேதான் சுவாமி விவேகானந்தர் உரையாற்றினார் என்பது நம்மவர் அறிந்த செய்தி. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் நகரில் ஒரு வைக்கிங் கப்பல் அப்போது மிதந்துகொண்டிருந்தது என்பது பலர் அறியாதது.

அண்டர்சனின் பயணம் வெறும் காட்சியாக முடியவில்லை. அலையின் போக்குக்கு ஏற்பக் கப்பலின் உடல் வளைந்து கொடுத்ததையும், பக்கவாட்டில் பொருத்திய சுக்கான் நன்றாக இயங்கியதையும் அவர் பதிவு செய்தார். புதைகுழியில் கிடந்த பலகைகளைப் பார்த்து மட்டும் அதனை அறிந்திருக்க முடியாது.

அதே கண்காட்சிக்குக் கொலம்பஸின் மூன்று கப்பல்களின் பிரதிகளும் ஸ்பெயினிலிருந்து வந்தன. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின்னர், 1991இல், பிரேசில் நாட்டின் பாஹியா மாநிலத்தில் மரபுவழிக் கருவிகளைக்கொண்டு ‘நீனா’வின் இன்னொரு பிரதி கட்டப்பட்டது. 2005இல் ‘பின்டா’ அதனுடன் சேர்ந்துகொண்டது. இவ்விரண்டும் மிசிசிப்பி, ஒஹாயோ, டெனசி முதலிய ஆறுகளில் ஊர் ஊராகச் சென்று, பாடசாலை மாணவரையும் பொதுமக்களையும் தளத்தில் ஏற்றிக் காட்டின.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று? அக்காலக் கப்பல்கள் பல நாம் கற்பனை செய்வதைவிடச் சிறியவை. நீரில் ஆழமாக அமிழ்பவையும் அல்ல. நீர்ப்பூட்டுகள் அமைந்த ஆறாக இருந்தால் படியேறுவதுபோல் மேலே செல்லலாம். பாலங்களின் உயரமும் பாய்மரத்தின் உயரமுமே தகராறு செய்பவை. ஆற்றில் காற்றை நம்பிப் போக முடியாதென்பதால் இயந்திரமும் வேண்டும். மகாவலியில் இவற்றுள் எதற்கும் இடமில்லை.

கப்பல் இல்லாத இராச்சியம்

இனி நம்முடைய கதைக்கு வருவோம்.

1659ஆம் ஆண்டு நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்ற கப்பல் தனது பாய்மரத்தை இழந்தது. புதுப் பாய்மரம் நாட்டவும் வியாபாரம் செய்யவும் அது கொட்டியார்க் குடாவுக்கு வந்தது. மூதூரை அண்டிய அந்தக் குடா அப்போது கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1660இல் கப்பற் தலைவரையும் அவருடைய மகன் றொபர்ட் நொக்ஸையும் வேறு மாலுமிகளையும் அரசனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுசென்றனர். தந்தை மறு ஆண்டே நோயில் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் சிறையில்லாச் சிறையில் வாழ்ந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியோடினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூல், அக்காலக் கண்டியைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகச் சிறந்த சாட்சியங்களுள் ஒன்று.

ஒரு மாலுமியின் கண்ணுடன் நொக்ஸ் மகாவலியைப் பார்த்திருக்கிறார். பாறைகளாலும் வீழ்ச்சிகளாலும் கப்பலோட்டத்துக்கு ஒவ்வாத ஆறு அது என்று எழுதுகிறார். சிறு ஓடங்களிலேயே மக்கள் அதனைக் கடந்தனர் என்கிறார். பாலம் கட்டக்கூடியதாக இருந்தாலும் அரசன் அதனை அனுமதிக்கமாட்டான். தன் நாடு எளிதில் பயணம் செய்யக்கூடியதாக இருப்பதை அவன் விரும்பவில்லை என்றும் சொல்கிறார். அவரைச் சிறைவைத்த மலைநாட்டின் ஆறு போய்ச் சேருமிடம், அவர் பிடிபட்ட அதே கொட்டியார்க் குடா என்பதை நினைக்கையில் வியப்பு ஏற்படுகின்றது.

இரண்டாவது சம்பவம் 1753இல் நடந்தது. இலங்கையில் பிக்குகளுக்கான உபசம்பதா மரபு அற்றுப்போயிருந்த காலம். நாயக்க வம்சத்து மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், வெலிவிட்ட சரணங்கரரின் தூண்டுதலால் சியாம் தேசத்திலிருந்து பிக்குகளை வரவழைக்க விரும்பினான். ஆனால் கண்டியிடம் கப்பல் இல்லை. பகைவராகிய ஒல்லாந்தரிடமே கேட்க வேண்டியிருந்தது. ஒல்லாந்தர் கப்பலிலேயே தூதர்கள் சென்றனர். உபாலி தேரரும் அவருடன் வந்த பிக்குகளும் திருகோணமலையில் இறங்கித் தரைவழியாகக் கண்டியை அடைந்தனர். இன்றும் மல்வத்தை, அஸ்கிரிய பீடங்கள் சியாம் நிக்காயத்தைச் சேர்ந்தவை. பதின்மூன்று ஆண்டுகளின் பின், 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம், அதே ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் தமதாக்கிக்கொண்டனர். கண்டி அன்றிலிருந்து கடலே இல்லாத இராச்சியமாயிற்று.

மூன்றாவது சம்பவம் கட்டுகஸ்தோட்டைக்கு வெகு அண்மையில் நிகழ்ந்தது. 1803 பெப்ரவரியில் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றி, நாயக்க வம்சத்தைச் சேர்ந்த முத்துசாமியை அரசனாக்கினர். காய்ச்சல் படையை வாட்டியது. ஜூன் 24ஆம் திகதி மேஜர் டேவி சரணடைந்து, திருகோணமலைக்குப் போகவென எஞ்சிய படையுடனும் முத்துசாமியுடனும் புறப்பட்டார். வட்டபுளுவவில் மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. கடப்பதற்கு ஓடம் இல்லை. மூங்கிலை வெட்டித் தெப்பம் கட்டிப் பார்த்தனர். வெள்ளத்தில் அது பயன்படவில்லை. முதலில் முத்துசாமியை ஒப்படைக்குமாறு கேட்டனர், ஒப்படைத்தனர். அவன் கொல்லப்பட்டான். 26ஆம் திகதி படையினரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். டேவி பல ஆண்டுகள் கைதியாகவே இருந்து கண்டியில் மாண்டார்.

இன்று குடியிருப்புகள் நிறைந்திருக்கும் அந்த ஆற்றங்கரையில், உலகக் கடல்களை ஆண்ட ஒரு வல்லரசின் படை ஓர் ஓடம் இல்லாமல் அழிந்தது. நீரில் செல்லும் கலத்தின் அருமையை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் மலைநாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

காலிக்கு வந்த விருந்தினர்

மகாவலியில் ஏற முடியாவிட்டாலும், பழங்காலக் கப்பல்களின் பிரதிகள் இலங்கைத் தீவுக்கு வந்திருக்கின்றன. குறிப்பிடத்தக்க இரண்டும் ஓமானிலிருந்து வந்தவை.

முதலாவது ‘சோஹார்’. சிந்துபாத் கதைகளின் பின்னணியிலிருந்த அரபுக் கடலோடிகளின் வழியைத் தேடிய டிம் செவரின் என்ற எழுத்தாளர் அதனைக் கட்டுவித்தார். மலபாரிலிருந்து மரம் போயிற்று. இலட்சத்தீவிலிருந்து கயிற்றால் தைக்கும் கைவினைஞர் போயினர். 1980 நவம்பரில் புறப்பட்ட அக்கப்பல், 1981இன் தொடக்கத்தில் காலியில் தங்கி, அதே ஆண்டு ஜூலையில் சீனாவின் முத்து ஆற்றில் ஏறிக் கன்ரன் நகரைச் சென்றடைந்தது.

இரண்டாவது ‘ஜுவல் ஒஃப் மஸ்கற்’. 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே, ஒன்பதாம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பல் ஒன்று கண்டெடுக்கப்பட்டது. சுமார் 60,000 சீனப் பீங்கான் பொருட்கள் அதிலிருந்தன. அதன் பலகைகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. அந்தச் சிதைவின் ஆதாரத்தில் 18 மீற்றர் நீளக் கப்பல் ஒன்றை ஓமான் கட்டியது. 2010 பெப்ரவரியில் மஸ்கற்றை விட்டுக் கொச்சி, காலி, பினாங்கு வழியாக ஜூலை 3ஆம் திகதி சிங்கப்பூரை அடைந்து, அந்நாட்டுக்கு அன்பளிப்பாக வழங்கப்பட்டது.

காலியில் அக்கப்பலின் பாய்மரங்கள் பழுதடைந்திருப்பது தெரியவந்தது. இலங்கை மரங்களிலிருந்து புதுப் பாய்மரங்கள் செய்து நாட்டினர். ‘ஆன்’ கப்பல் கொட்டியாருக்கு வந்ததும் இதே தேவையை முன்னிட்டுத்தான். முந்நூற்றைம்பது ஆண்டுகள் இடைவெளி. ஆனால் பாய்மரம் பழுதானால் கரையை நாடுவதும், நல்ல மரம் தேடுவதும் மாறவில்லை. பழங்காலப் பயணங்கள் ஏன் மாதக்கணக்கில் நீண்டன, துறைமுகத்துக்குப் பின்னால் காடு ஏன் வேண்டியிருந்தது என்பன இத்தகைய நிகழ்வில் தாமாகவே விளங்கிவிடுகின்றன.

அந்த நாட்களில் எங்கள் செய்தி மேசையில் இச்செய்தி ‘வெளிநாட்டுக் கப்பல் வருகை’ என்ற வகையில் நான்கைந்து வரிகளில் முடிந்து போயிற்று. நாட்டின் அப்போதைய நிலையில், போர் ஓய்ந்து ஓராண்டும் ஆகாத வேளையில், பத்திரிகைகளுக்கு வேறு கவலைகள் இருந்தன. ஆனால் அக்கயிற்றைத் தைத்தவர்களுட் பலர் கேரளத்தவர் என்பதையும், தைத்த கப்பல் நம்முடைய கரைகளுக்கும் பழகிய கலையே என்பதையும் எவரும் விரித்து எழுதவில்லை.

கைகளில் இருக்கும் அறிவு

தைத்த கப்பலைச் சற்று விளக்க வேண்டும். பலகைகளை விளிம்போடு விளிம்பாகப் பொருத்தி, ஓரங்களில் துளையிட்டு, தென்னங்கயிற்றால் இறுகத் தைப்பர். இடைவெளியை நாரால் அடைத்து, பிசினும் எண்ணெயும் பூசுவர். கயிற்றை எவ்வளவு இழுத்தால் இறுகும், எவ்வளவு இழுத்தால் அறும் என்பது எந்த ஏட்டிலும் இல்லை. அது தைப்பவரின் கையில் இருக்கின்றது. அந்தக் கை போய்விட்டால், ஆயிரம் படங்கள் இருந்தும் பயனில்லை.

இதனை அண்மையில் நிரூபித்தது இந்தியாவின் ‘கௌண்டின்யா’. அஜந்தாவின் ஐந்தாம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்றில் உள்ள கப்பலை ஆதாரமாகக்கொண்டு, 2023 செப்டெம்பரில் கோவாவில் அதன் வேலை தொடங்கியது. கட்டப்பட்ட இடம் கடற்கரையன்று. மாண்டோவி ஆற்றுத் தீவாகிய திவார். வரைபடம் எதுவும் கிடையாது. இந்தியக் கடற்படையும் சென்னை ஐ.ஐ.ரி. நிறுவனமும் வடிவத்தைச் சோதித்துக் கொடுத்தன. ஆனால் பலகைகளைத் தைத்தவர் பாபு சங்கரன் என்னும் மூத்த கேரளக் கைவினைஞரும் அவருடைய குழுவினருமே. 2025 மே மாதம் கடற்படையில் சேர்க்கப்பட்ட அக்கப்பல், டிசெம்பர் 29ஆம் திகதி போர்பந்தரிலிருந்து பாய்விரித்து, 2026 ஜனவரி 14ஆம் திகதி மஸ்கற்றை அடைந்தது. அந்தக் கேரளக் குழு இல்லாதிருந்தால், ஓவியம் ஓவியமாகவே இருந்திருக்கும்.

அன்னபூரணி

இலங்கைத் தமிழர் இவ்விடத்தில் நினைக்க வேண்டிய கப்பல் ஒன்றுண்டு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’. ஏறத்தாழ 89 அடி நீளம். உள்ளூர் ஓடாவிமாரின் கைவேலை. சிறு படகில் உலகைச் சுற்றிவந்த வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கர் அதன் அழகில் ஈடுபட்டு வாங்கி, தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று பெயரிட்டார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் 1937இல் அதனைச் செலுத்திச் சென்றனர். சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், பேர்மியூடா வழியாக, 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி மசசூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தை அது அடைந்தது.

ஒரு செல்வந்தரின் விருப்பத்தால் உலகம் அறிந்த கப்பல் அது. அதனுடன் பிறந்த கப்பல்கள் எத்தனையோ. பர்மாவிலிருந்து அரிசியும், தென்னிந்தியத் துறைகளிலிருந்து ஓடும் பிறவும் ஏற்றிவந்து வடபகுதியை வாழவைத்தவை அவையே. சுதந்திரத்தின் பின்னர் குடிவரவு, இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அத்தொழிலை நெருக்கின. 1980களில் மூண்ட போரும் கடற்தடைகளும் எஞ்சியதை முடித்துவைத்தன. பெரிய பாய்க்கப்பலொன்றை அடிமரம் வைத்துக் கட்டிமுடித்த ஓடாவிமார் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். அவர்கள் வரைபடம் வைத்துக் கட்டியவர்கள் அல்லர். கண்ணாலும் கோலாலும் அளந்து கட்டியவர்கள்.

தென்னிலங்கையிலும் கதை வேறல்ல. மாலைதீவு வரை சென்ற ‘யாத்ரா’ என்னும் பெரிய பாய்க்கலம் 1930களோடு வழக்கொழிந்து, இன்று சிறு மாதிரி உருவங்களிலேயே எஞ்சியிருக்கின்றது.

யாருடைய கப்பல்?

பிரதிக் கப்பல் எல்லாமே கொண்டாட்டத்துக்குரியது என்று நான் கருதவில்லை. கொலம்பஸின் கப்பல்கள் அமெரிக்க ஆறுகளில் சென்றபோது, அக்கப்பல்கள் கொண்டுவந்த அழிவை அங்குள்ள பூர்வகுடிகள் நினைவூட்டினர். ஒல்லாந்தின் லெலிஸ்டாட் நகரில் 1995இல் நீரில் இறக்கப்பட்ட ‘பற்றேவியா’ மிக அழகிய பிரதி. ஆயினும் இலங்கையர் ஒருவர் அதன் தளத்தில் நின்றால், இதுபோன்ற கப்பல்களிலேதான் நம் கறுவா ஏற்றப்பட்டது, இவற்றைக் கொண்டே கொட்டியாரும் மட்டக்களப்பும் கண்டியிடமிருந்து பறிக்கப்பட்டன என்பதும் நினைவுக்கு வர வேண்டும். கப்பலைக் கட்டுபவர் எந்தக் கதையைச் சொல்ல விரும்புகிறாரோ அதனையே அது சுமந்து செல்லும். நம்முடைய கதையை நாம் கட்டாவிட்டால், வருகின்ற கப்பல்கள் எல்லாம் பிறருடைய கதையையே இறக்கிவிட்டுப் போகும்.

அன்னபூரணியை முழு அளவில் மீண்டும் கட்ட வேண்டும் என்பது என் விருப்பம். அதற்கான பணம் எளிதில் கிடைக்காது என்பதையும் அறிவேன். ஆனால் பணம் அதிகம் தேவைப்படாத முதற்படி ஒன்று இருக்கின்றது. வடபகுதிக் கரைகளில் சிதைந்து கிடக்கும் பழைய வள்ளங்களையும் தோணிகளையும் இப்போதே அளந்து வரைய வேண்டும். தந்தையுடன் கப்பற் பட்டறையில் நின்ற பிள்ளைகள் இன்று முதியவர்கள். மரத்தை எந்த மாதத்தில் வெட்டினர், எப்படி வளைத்தனர், எந்த எண்ணெயைப் பூசினர் என்பதை அவர்களிடம் கேட்டு ஒலிப்பதிவு செய்ய வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் பேராதனைப் பல்கலைக்கழகமும் இணைந்து செய்யக்கூடிய பணி இது. ஒரு பட்டதாரி மாணவர் குழுவும் இரண்டு மூன்று விடுமுறைக் காலங்களும் போதும். வீடுகளில் பழைய கப்பற் கணக்குக் கொப்பிகள், புகைப்படங்கள், உளி, வாய்ச்சி முதலியவற்றை வைத்திருப்போர் அவற்றைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடாமல், யாருடையவை என்று ஒரு துண்டுக் காகிதத்திலாவது எழுதி வைக்கட்டும்.

கப்பல் கட்டப்பட்டால், அது கட்டுகஸ்தோட்டைக்கு வர முடியாது என்பது உண்மையே. ஆனால் மகாவலி கடலைச் சேரும் கொட்டியார்க் குடாவுக்கு வரலாம். கண்டியிலிருந்து திருகோணமலைக்குப் பேருந்தில் அரை நாட் பயணம். மலைநாட்டுப் பாடசாலை ஒன்று தன் மாணவரை அழைத்துச் சென்று, நொக்ஸ் பிடிபட்ட கரையில், உபாலி தேரர் வந்திறங்கிய கடலில், நம் ஓடாவிமார் கட்டிய கப்பலொன்றின் தளத்தில் நிறுத்த முடியும்.

அளக்கும் வேலை அதற்கு முந்தியது. அது இந்த ஆண்டிலேயே தொடங்கக்கூடியது.